யாமல் ஆவணங்களைப் பிரிக்க ஒய்க்யூ: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தரமணியில் நான் பணிபுரியும் அலுவலகத்தில் குபெர்னெட்டிஸ் (செயலிகளைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் தளம்) அமைப்புகள் அனைத்தும், அமைப்பு விவரங்களை எழுதப் பயன்படும் யாமல் வடிவத்தில், ஒரே கோப்பில், வரியின் தொடக்கத்தில் மூன்று கோடுகள் இட்டுப் பிரிக்கப்பட்ட நாற்பது ஆவணங்களாக இருந்தன. அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக்க முதலில் நானே பைத்தானில் நான்கு வரி எழுதினேன். மூன்று கோடுகள் தென்படும் இடமெல்லாம் வெட்டு என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சான்றிதழ் அடங்கிய கான்ஃபிக்மேப் (செயலிக்கான அமைப்புத் தரவைத் தாங்கும் ஆவணம்) வந்ததும் எல்லாம் சிதறியது. 'பிகின் சர்டிபிகேட்' என்ற வரியின் இருபுறமும் ஐந்தைந்து கோடுகள் இருப்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அதன்பின் எடுத்துக்கொண்டதுதான் கோ மொழியில் எழுதப்பட்ட, கட்டணமில்லாத கட்டளைவரிக் கருவியான ஒய்க்யூ. இது கோப்பை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் யாமல் இலக்கணப்படி படிப்பதால், உள்தள்ளி எழுதப்பட்ட சான்றிதழின் கோடுகளை உள்ளடக்கமாகவே கொள்கிறது. 'மைனஸ் எஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால் ஒவ்வோர் ஆவணமும் தனிக் கோப்பாகிறது. கோப்பின் பெயரை ஆவணத்தின் உள்ளிருந்தே எடுக்கச் சொல்லலாம். சர்வீஸ், கான்ஃபிக்மேப் போன்ற வகையை மட்டும் கொடுத்தால் எல்லா சர்வீஸ்களுக்கும் ஒரே பெயர் அமையும் என்பதால், வகையையும் பெயரையும் சேர்த்துக் கொடுப்பதே நலம். ஓர் ஆவணம் மட்டும் போதுமென்றால் வரிசை எண்ணால் கேட்கலாம். எண்ணிக்கை 0 முதல் தொடங்குகிறது.

பைத்தானின் பையாமல் நூலகத்தாலும் இது முடியும். அதில் கோப்பைப் படிக்கும் 'சேஃப் லோடு' என்ற செயற்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட ஆவணங்களைக் கண்டால் பிழை காட்டி நின்றுவிடும் என்பதால் 'சேஃப் லோடு ஆல்' என்று அழைக்க வேண்டும்; கோப்பின் கடைசியில் ஒரு பிரிகோடு மிச்சமிருந்தால் அதற்கும் ஒரு வெற்று ஆவணம் வந்து நிற்கும். ஆனால் பையாமல் குறிப்புரைகளை முழுவதுமாக உதறிவிடுகிறது. "இந்த மெமரி அளவைக் குறைக்காதீர்கள், மாத இறுதியில் தேவைப்படும்" என்று எங்கள் முன்னோடி ஒருவர் எழுதிவைத்த வரி ஒய்க்யூவில் அப்படியே தங்கியது; சில வெற்று வரிகள்தாம் போயின.

ஓர் ஆவணத்தில் வைத்த ஆங்கரை (ஒரு பகுதிக்குப் பெயரிட்டு மீண்டும் பயன்படுத்த உதவும் குறி) அடுத்த ஆவணத்தில் பயன்படுத்த முடியவில்லையே என்று கருவியைக் குறை சொல்ல வேண்டாம். யாமல் விதியே அதுதான். நிறுவும்போது மட்டும் கவனம் தேவை: பைத்தானில் எழுதப்பட்ட இன்னொரு கருவியும் இதே பெயரில் உலவுகிறது, அதன் கட்டளைகள் வேறு.