இஷாப்பூர் ரைஃபிளும் டாலஸ் கடைக்காரரும்

பழைய ராணுவ ரைஃபிள்களை வாங்கி விற்கிற கடைகள் டெக்சாஸில் நிறைய உண்டு. கையில் வாங்கிய மறுநிமிடமே விலை சொல்லிவிடுவார்கள். டாலஸுக்கு வெளியே இருக்கும் இந்தச் சின்னக் கடைக்காரர் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் நான்கு நட்சத்திரம்.

நான் கொண்டுபோனது, ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்த இஷாப்பூர் 2ஏ1. மேற்கு வங்கத்து ஆலையில் செய்த லீ-என்ஃபீல்டு (பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) வகை, நேட்டோ நாடுகளின் 7.62 மி.மீ. தோட்டா போடுவது. இதற்கு முன் போன கடையில், "பழைய 303 தோட்டா ரைஃபிளை மாற்றிச் செய்தது, சுட்டால் வெடிக்கும்" என்று பயமுறுத்திவிட்டு 200 டாலருக்குக் கேட்டார்கள். அதைச் சொன்னதும் இவர் சிரித்தார். அந்தக் கதை ரொம்பப் பழசாம். 303 ரைஃபிளை மாற்றியதல்ல, இன்னும் உறுதியான எஃகில் புதிதாகவே செய்தது என்றார்.

அப்புறம் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) பிடிக்குக் கீழே இருக்கும் இரும்புப் பட்டையைத் துணியால் அழுத்தித் துடைத்தார். அழுக்குக்குள்ளிருந்து ஆர்எஃப்ஐ (இஷாப்பூர் ரைஃபிள் ஆலை), 2ஏ1, 1967 என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குறிபார்க்கும் பின் சைட்டில் தூர எண்கள் 800 மீட்டரோடு நின்றன; முந்தைய 2ஏ மாடல் என்றால் 2000 வரை போகுமாம். கட்டையின் குறுக்கே ஒரு திருகு. யாரோ பிற்பாடு ஒட்டுப்போட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, கட்டை பிளக்காமலிருக்க இந்தியாவிலேயே போட்டது.

போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒன்றுதான். முன்கட்டையின் அடியில் மட்டும் வேறு எண். "இதற்குத்தான் குறைக்கிறேன்" என்று விரல் வைத்துக் காட்டினார். குழலுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், போல்ட் பூட்டும்போது தோட்டாவுக்கு விடும் இடைவெளி சரியா என்று ஹெட்ஸ்பேஸ் கேஜும் போட்டுப் பார்த்தார். கடைசியில் 425 டாலர். முன்கட்டையின் எண்ணும் பொருந்தியிருந்தால் இன்னொரு 100 சேர்த்திருப்பாராம்.

கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டதுதான் தாமதம், மனுஷன் முகம் மாறிவிட்டது. சேகரிப்பவன் தேடுவதே அந்தப் பழைய எண்ணெய்க் கறையையும் முத்திரையையும்தான், தேய்த்தால் இரண்டும் போச்சு என்றார்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது, விலையைக் காகிதத்தில் எழுதித் தராததற்கு. பார்க்க மட்டும் 40 டாலர் வாங்குகிறார். காப்பீட்டுக்குச் சான்று வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார். ஃபோன் செய்துவிட்டு, தோட்டா இல்லையென்று உறுதிசெய்து, போல்ட்டைத் தனியே கழற்றி எடுத்துப் போங்கள். உள்ளே விடுமுன் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.