லங்காவி தீவுச் சுற்றுலா: 68 வயது அம்மாவோடு ஒரு காலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியில் 40 வருஷமாக இருக்கிறோம். அப்படியிருந்தும் அம்மா லங்காவிக்குப் போனதே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (பால் எடுத்த) காலத்தில் காசு இல்லை. பிறகு நேரம் இல்லை, அதன் பிறகு முட்டி வலி. போன மாதப் பள்ளி விடுமுறையில்தான் கோலா கெடாவில் ஃபெர்ரி ஏறினோம். பந்தாய் செனாங்கில் தங்கி, மறுநாள் காலைக்கு மூன்று தீவுச் சுற்றுலா பதிந்தேன். ஆளுக்கு 35 வெள்ளி (ரிங்கிட்), விடுதியிலிருந்து வேனில் கூட்டிப் போய்க் கொண்டுவந்து விடுவதும் அதில் அடக்கம்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சாலையில் சீட்டு விற்ற முகவரிடம், "அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது" என்று இரண்டு முறை சொன்னேன். "படியே இல்லை அக்கா, எல்லாம் சமதரை" என்றார். அது பொய். முதலில் போன டாயாங் பூந்திங் தீவில் இறங்குதுறையிலிருந்து ஏரிக்குப் போக ஒரு மேட்டில் படியேறி, மறுபக்கம் படியிறங்க வேண்டும். என்னால் பத்து நிமிஷத்தில் நடந்துவிட முடியும். அம்மாவுக்கு அரை மணி நேரம் ஆனது. முன்பே தெரிந்திருந்தால் கைத்தடி கொண்டுவந்திருப்போம், முட்டிப் பட்டை கட்டியிருப்போம். வயதானவர்களின் உடம்பு விஷயத்தில் இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது.

படகோட்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தெலுக் பாரு படகுத்துறையில் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர் ஏறினோம். ஃபைபர் படகு, பின்னால் இரண்டு மோட்டார். முன்பக்கம் உட்கார்ந்தால் அலை தூக்கிப் போடும், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. நான் கேட்பதற்கு முன்பே அந்த அபாங் (மலாயில் அண்ணன்) அம்மாவைப் பின்பக்கம் உட்காரவைத்து, மிதவைச் சட்டையின் வாரை அவரே இழுத்துக் கட்டினார். ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பெலான்-பெலான், மாக்சிக்" (மெதுவா, மெதுவா, அம்மா) என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேகத்தையும் அம்மாவுக்காகக் குறைத்தார்.

இனி ஏரி. போகும் வழியிலேயே தீவின் மலைமுகட்டைப் பார்த்துவிடுங்கள். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்திருப்பதுபோல் இருக்கும். தீவின் பெயருக்கே கர்ப்பிணிப் பெண் என்றுதான் அர்த்தம். கதையை அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார். தோட்டத்தில் கூட வேலை செய்த மலாய்க்காரத் தோழியிடம் கேட்டதாம். மம்பாங் சாரி என்ற தேவதைப் பெண் மாட் தேஜா என்ற இளவரசனை மணந்தாள். பிறந்த குழந்தை சில நாளிலேயே இறந்துபோனது. அதை இந்த ஏரியில் விட்டுவிட்டு, பிள்ளை இல்லாதவர்கள் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்கட்டும் என்று வரம் கொடுத்துப் போனாள். படியிறங்கும் வலியை மறக்க அம்மா இதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சுண்ணாம்புக்கல் குகை இடிந்து விழுந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டானது இந்த ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மெல்லிய பாறைச் சுவர்தான், ஆனாலும் இது நன்னீர். அம்மா பலகை மேடையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பே கரிக்கலைடி" என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே அத்தனை படியும் இறங்கலாம். 2007-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட லங்காவி புவிப்பூங்காவில் (பாறை, நில அமைப்புச் சிறப்புக்காகப் பாதுகாக்கும் பகுதி) இதுவும் ஒரு பகுதி. இந்தப் பாறையைப் பற்றி யாராவது நின்று ஐந்து நிமிஷம் பேசியிருக்கலாம்.

ஏரியில் ஒரு மணி நேரம்தான். நுழைவுச் சீட்டுக்குத் தனிக் காசு. குரங்குகள் அதிகம், பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடாது. எங்கள் படகில் வந்த ஒரு பிள்ளையின் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் துறையிலேயே பறிபோனது. சாப்பாட்டை முதுகுப் பைக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அடுத்து சிங்கா பெசார் தீவை ஒட்டிய அலையாத்திக் காடு. படகு நின்றதும் இருபது முப்பது செம்பருந்துகள் தலைக்கு மேல் வட்டமிட்டன. செங்காவி உடம்பு, வெள்ளைத் தலை. நம் ஊர்க் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே எப்போது வரும் என்று அண்ணாந்து காத்திருப்போமே, அதே கருடன்தான். லங்காவி என்ற பெயரே மலாயில் ஹெலாங் என்ற பருந்தையும் காவி நிறத்தையும் சேர்த்து வந்தது என்பார்கள். அம்மா கைகூப்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வேறொரு படகிலிருந்து கோழித்தோலை வாரி இறைத்தார்கள். பறவைகள் எல்லாம் அதன்மேல் பாய்ந்தன. மீனும் நண்டும் தானே பிடித்துத் தின்னும் பறவைக்குக் கொழுப்புத் தோலைப் போட்டுப் பழக்கினால், அது தேடித் தின்பதை விட்டுப் படகுச் சத்தத்துக்குக் காத்துக் கிடக்கும். இயற்கை ஆர்வலர்கள் பல வருஷமாக இதை வேண்டாம் என்று சொல்லி வருகிறார்கள். அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. நான் கேட்டதற்கு எங்கள் அபாங், "பயணிகள் கேட்பதால்தான் போடுகிறார்கள்" என்றார். சரி, அப்படியானால் நாம் கேட்காமல் இருப்போம். எங்கள் படகில் யாரும் கேட்கவில்லை, அவரும் போடவில்லை. மோட்டாரை நிறுத்திச் சும்மா இருந்தோம், அப்படியே பத்து நிமிஷம் நன்றாகப் பார்க்க முடிந்தது.

கடைசியாக பெராஸ் பாசா தீவு. வெள்ளை மணல், தெளிந்த தண்ணீர், நல்ல நிழல். குளிப்பவர்களுக்குப் பிடிக்கும். எங்களுக்கு அங்கே வேலை அதிகமில்லை, இளநீர் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரியில் அத்தையையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம். அந்த மாதத்தில் மழை குறைவு. இந்த முறை முகவரிடம் போகப் போவதில்லை. நேரே படகுத்துறைக்குப் போய் அதே அபாங்கைத் தேடி, தனிப் படகாகப் பேசி, ஏரியிலேயே இரண்டு மணி நேரம் இருக்கப் போகிறோம். கைத்தடி இப்போதே வாங்கியாகிவிட்டது.