ஆடைத் தொழிற்சாலையா, அரிசி ஆலையா?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது முதல், நாட்டை எப்படி நிமிர்த்துவது என்ற பேச்சு வடக்கே வன்னியிலும் ஓயவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் ஆடைத் தொழிற்சாலைகள் வரட்டும் என்பது ஒரு யோசனை. விளைகிற நெல்லை இங்கேயே அரிசியாக்குவோம் என்பது மற்றது.

ஆடை டொலர் கொண்டுவரும். நாட்டின் பொருள் ஏற்றுமதியில் அதற்கே முதலிடம். மாதச் சம்பளமும் வரும். போரில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு அது பெரிய விடயம். ஆனால் துணியில் பெரும்பகுதி இறக்குமதி. ஓடர் குறைந்தால் வேலையும் ஆட்டம் காணும்.

நெல்லின் கதை வேறு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை, காயவைக்கத் தளமும் அடுக்கிவைக்கக் களஞ்சியமும் போதாமல், கடனும் நெருக்க, ஈரத்தோடேயே வயலடியில் விற்க வேண்டிவருகிறது. அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒன்றாக விற்பதால் விலை விழுகிறது. அதே நெல் வெளி மாவட்ட ஆலைக்குப் போய் அரிசியாகத் திரும்பும்போது, நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் கூடிய விலைக்கு வாங்குகின்றன. கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து தளம், களஞ்சியம், புழுக்கி அரைக்கும் ஆலை என்று போட்டால் அந்த இலாபம் ஊரிலேயே நிற்கும். தவிடு மாட்டுக்கு ஆகும், உமி அடுப்புக்கு ஆகும்.

டொலர் நேரே வராது, சரி. ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து விளைச்சல் சரிந்த பிறகு, அரிசி வாங்கவே நாடு டொலர் கொடுத்ததை மறக்க முடியுமா?

என் தெரிவு ஆலைதான். புலம்பெயர்ந்த உறவுகள் பணம் போடத் தயாரென்றால் முதலில் களஞ்சியத்துக்குப் போடட்டும். இயந்திரம் அடுத்த போகத்துக்கு வந்தாலும் போதும்.