காலி அறைக்கு யார்: சில நாள் விருந்தினரா, மாத வாடகைக்காரரா?

நாம் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தால் அதை நாள் கணக்கில் விடுவதா, ஒருவருக்கே மாதக் கணக்கில் விடுவதா?

ஒரு இரவு வாடகையை 30-ஆல் பெருக்கினால் நாள் வாடகைதான் பெரிதாகத் தெரியும். ஆனால் 30 நாளும் ஆள் வராது. வருவதிலும் முன்பதிவு இணையதளம் எடுக்கும் பங்கு, சோப்பு, சலவை என்று கழியும். உழைப்பும் கொஞ்சமல்ல. 11 மணிக்கு ஒருவர் கிளம்பி 3 மணிக்கு அடுத்தவர் வருகிறார் என்றால், இடையில் விரிப்பை மாற்ற வேண்டும், குளியலறை வடிகாலில் சிக்கிய முடியை எடுக்க வேண்டும், தலையணை உறை காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வாரம் மூன்று முறை இதைச் செய்ய முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

மாத வாடகையில் இந்த ஓட்டம் கிடையாது. ஆனால் ஒத்துப்போகாதவர் வந்துவிட்டால், அதே சமையலறையில் தினமும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சில நாள் விருந்தினர் என்றால் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்.

அப்புறம் சட்டம். நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைவாக விட மாநகராட்சியில் பதிவு வேண்டும். வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும். விருந்தினர் 2 பேருக்கு மேல் கூடாது. 2023 செப்டம்பரிலிருந்து இது கறாராக அமலில் இருக்கிறது. உங்கள் ஊர் விதியையும் குடியிருப்புச் சங்கத்தின் விதியையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்து தங்கும் வீடு என்றால் நாள் வாடகையே சரி, வேண்டிய வாரத்தை நமக்கென்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போய்வருபவர்களுக்கு, நன்றாக விசாரித்து எடுத்த மாத வாடகைக்காரரைத்தான் நான் சொல்வேன்.