டெரேச்சோவுக்குப் பின் மின்சாரம்: உருட்டும் ஜெனரேட்டரா, வீட்டோடு பொருத்தியதா?

2020 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் அயோவாவைப் புரட்டிப்போட்ட டெரேச்சோ, சுழன்றடிக்கும் காற்று அல்ல. இடிமேக வரிசையிலிருந்து இறங்கி நேராகச் சீறிய காற்று. சீடர் ராப்பிட்ஸ் பகுதியில் மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகம் என்று மதிப்பிட்டார்கள். பல வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட ஊர்களில் எதை வாங்குவது?

விலை
உருட்டுவது: சில நூறு டாலரில் தொடங்கும்.
பொருத்துவது: கூலியும் சேர்ந்தால் 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

எரிபொருள்
உருட்டுவது: பெட்ரோல். மின்சாரம் இல்லாத பெட்ரோல் பங்கில் பம்பும் ஓடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.
பொருத்துவது: பெரும்பாலும் குழாய் எரிவாயு; நிரப்பும் வேலையில்லை. வேரோடு சாயும் மரம் குழாயையும் பெயர்த்தால்தான் சிக்கல்.

இயக்கம்
உருட்டுவது: கயிற்றை இழுத்து, வயர் நீட்டி, ஃப்ரிட்ஜில் செருக வேண்டும்.
பொருத்துவது: சில நொடிகளில் தானே ஓடும்.

ஆபத்து
உருட்டுவதில்தான் அதிகம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கராஜ் கதவைத் திறந்துவைத்தால் போதும் என்பது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, திறந்தவெளியில் வைக்க வேண்டும். ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகினால் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, பழுதுபார்க்கும் ஊழியரைக் கொல்லக்கூடும்.

வாடகை வீடு, ஃப்ரிட்ஜும் விளக்கும் மட்டும் என்றால் உருட்டுவதே போதும். ஆக்சிஜன் கருவியை நம்பி ஒருவர் இருக்கும் வீட்டில் நான் விலையைப் பார்க்கவே மாட்டேன், பொருத்துவதுதான்.