கறுப்புப் பூச்சுக்குள் உருக்குத் தண்டு: பழைய கோல்ஃப் டிரைவர் வாங்குவோர் கவனத்திற்கு

மட்டக்களப்பு நகரிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும், வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் வரும் பழைய விளையாட்டுப் பொருட்களை விற்பவர்களிடம் கோல்ஃப் டிரைவர், அதாவது பந்தை வெகுதூரம் அடிக்கப் பயன்படும் நீண்ட மட்டை, வாங்க எண்ணியிருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதன் தண்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கிராஃபைட் (கரி இழையாலான) தண்டு என்று சொல்லி 48,000 ரூபாய்க்கு எனக்கு விற்கப்பட்ட டிரைவரில் இருந்தது கறுப்பு வண்ணம் பூசிய உருக்குத் தண்டு. அதைத் தட்டிக் கேட்ட பின்னர் மாற்றித் தரப்பட்ட தண்டோ அதைவிட மோசமானது. முறைப்பாடு நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நம் பக்கத்தில் கோல்ஃப் ஆடுபவர்கள் மிகச் சிலரே. வளைகுடா நாடுகளிலோ கனடாவிலோ வேலை செய்த காலத்தில் பழகி, ஊர் திரும்பிய பின் சீனக்குடாவில் உள்ள விமானப்படையின் மைதானத்துக்குப் போய் ஆடுகிறவர்களே பெரும்பாலானோர். வீச்சின் வேகத்தை அளந்து, இன்னாருக்கு இன்ன தண்டு என்று பொருத்திக் கொடுக்கும் கடை மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை. விற்பவர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க அருகில் ஆளில்லாத இந்த நிலைமைதான் இத்தகைய வியாபாரத்துக்கு மூலதனம்.

உருக்குத் தண்டு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. டிரைவரைவிடக் குறைந்த தூரத்துக்கு அடிக்கும் மட்டைகளான என்னுடைய அயர்ன்கள் எல்லாவற்றிலும் உருக்குத் தண்டுதான் இருக்கிறது. பந்து போகும் தூரம் அடிக்கு அடி மாறாமல் இருக்க அது உதவுகிறது என்பது என் அனுபவம். ஆனால் டிரைவரின் கணக்கு வேறு. டிரைவருக்கான கிராஃபைட் தண்டுகள் பெரும்பாலும் 50 முதல் 70 கிராம் வரை நிறை கொண்டவை. உருக்குத் தண்டு 100 கிராமைத் தாண்டி 130 கிராம் வரை போகும். அந்த நிறை குறைவதால்தான் இன்றைய டிரைவர்களைப் பொதுவாக 45 அங்குல நீளத்துக்குச் செய்ய முடிகிறது. உருக்குத் தண்டுக் காலத்து டிரைவர்கள் 43 அங்குலத்தை ஒட்டியே இருந்தன. என்னைப் போல மணிக்கு 85 மைல் வேகத்தில் வீசுகிறவருக்குக் கனமான தண்டு வேகத்தை இன்னும் குறைக்கும். அத்துடன் பந்து மட்டை முகத்தின் நடுவில் படாதபோது எழும் அதிர்வைக் கிராஃபைட் ஓரளவு உள்வாங்கிக்கொள்ள, உருக்கு அதை அப்படியே கைக்குக் கடத்திவிடும். முழங்கை வலி உள்ள எனக்கு அது சிறிய விடயமல்ல, கிராஃபைட் வேண்டும் என்று நான் திட்டவட்டமாகக் கேட்டதற்கும் அதுவே காரணம். “சேர், இது ஜப்பான் சாமான், கண்ணை மூடிக்கொண்டு எடுங்க” என்றார் விற்றவர். தண்டில் பெயர் பெற்ற கிராஃபைட் உற்பத்தியாளர் ஒருவரின் ஒட்டுத்தாளும், விறைப்பைக் குறிக்கும் ‘எஸ்’ என்ற எழுத்தும் இருந்தன. இந்த எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது என்பதால், ஒட்டுத்தாளே உண்மையானதாக இருந்திருந்தாலும் அந்த எழுத்து எனக்குப் பெரிதாக எதையும் சொல்லியிராது.

வீட்டு வளவில் வலை கட்டி அடித்துப் பார்த்த முதல் மாலையிலேயே முழங்கை வலித்தது. தண்டின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தபோது, பூச்சுக்கு அடியில் சீரான இடைவெளியில் சின்னச் சின்னப் படிகள் தட்டுப்பட்டன. உருக்குத் தண்டைக் கைப்பிடியிலிருந்து நுனிவரை படிப்படியாகச் சிறுக்கச் செய்யும்போது விழும் வரம்புகள் அவை. கிராஃபைட்டில் அப்படி இருக்காது. கதவில் இருந்த காந்தத்தைக் கழற்றி வைத்தேன். டைட்டேனியத் தலையில் வைத்தால் வழுக்கி விழுந்த காந்தம், தண்டில் வைத்ததும் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. உருக்கு இழை சுற்றிய ஒருவகைக் கிராஃபைட் தண்டும் சந்தையில் உண்டு என்பதால் காந்தத்தோடு மட்டும் நிற்காமல், கல்லடியில் ஒரு பலசரக்குக் கடையின் மின்தராசில் முழு டிரைவரையும் நிறுத்தேன். 374 கிராம் காட்டியது. தலை ஏறத்தாழ 200 கிராம், கைப்பிடி உறை 50 கிராம் என்று கழித்தால் மிஞ்சுவது உருக்கின் நிறைதான். நீளமும் 43 அங்குலமாகவே இருந்தது. கிராஃபைட் 1970களில் சந்தைக்கு வந்தாலும் அது டிரைவர்களில் வழமையாவதற்கு 1990கள் ஆயின; ஆகவே பழைய டிரைவர்களிலிருந்து கழற்றிய உருக்குத் தண்டுகள் எங்கும் மலிவாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை, தண்டு உடைந்த, இன்றைய பெரிய அளவான 460 கன சென்ரிமீற்றர் தலை ஒன்றில் செருகிப் பூசி விற்றிருக்கிறார்கள். தண்டு பழசு, தலை புதுசு என்ற இந்தப் பொருத்தமின்மையே சந்தேகப்படப் போதுமானது.

கடைக்குத் திரும்பிப் போய்க் காந்தத்தை ஒட்டிக் காட்டியதும், அதுவரை கிராஃபைட்டைப் புகழ்ந்தவர் ஒரே மூச்சில் உருக்கின் பக்கம் சாய்ந்துவிட்டார். “டைகர் வூட்ஸே ஸ்டீல் போட்டுத்தான் அடிச்சவர் சேர்” என்றார். அவர் சொன்னது பொய்யல்ல; 1997இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை, அடுத்து வந்தவரைவிடப் பன்னிரண்டு வீச்சுகள் குறைவாக ஆடி வென்றபோது வூட்ஸின் டிரைவரில் இருந்தது உருக்குத் தண்டுதான். இருபத்தொரு வயதில் அவருக்கு இருந்த வேகத்தை எனக்கும் சேர்த்து விற்பதாக இருந்தால் அந்த வாதத்தை ஏற்றிருப்பேன். பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர், நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு உண்மையான கிராஃபைட் தண்டு ஒன்றை மாற்றிப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

இதன் பின்னர் நடந்ததைத்தான் வாசிப்போர் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மாற்றிப் போட்ட தண்டு கிராஃபைட்தான். காந்தம் ஒட்டவில்லை, நிறையும் குறைந்திருந்தது. ஆனால் ஒரு நாள் வலைக்கு முன் நின்று வீசியபோது, தலைக்குச் சற்று மேலே கறுப்பு வளையம் இருக்கும் இடத்தில் தண்டு முறிந்து, தலை வலைக்கு மேலாகப் பறந்து பக்கத்து மதிலில் மோதி விழுந்தது. மணிக்கு 85 மைல் என்பது ஏறத்தாழ 137 கிலோமீற்றர். மதிலில் கொட்டைப் பாக்களவு சீமெந்து பெயர்ந்திருந்தது. அந்த நேரம் அங்கே யாரும் நிற்காதது எங்கள் நல்ல காலம்.

தலைக்குள் சிக்கியிருந்த துண்டைச் சூடாக்கி வெளியே எடுத்து, ஏறாவூரில் தொழிற்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேணியர் இடுக்கிமானியால் அளந்தார். டிரைவர் தண்டின் நுனி விட்டம் பொதுவாக 0.335 அங்குலம், அதாவது 8.5 மில்லிமீற்றர். டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் மட்டைகளின் தண்டு நுனி பொதுவாக 0.370 அங்குலம், அதாவது 9.4 மில்லிமீற்றர். முறிந்த முனையில் தீண்டப்படாத பகுதி 9.4 இருக்க, தலைக்குள் போன பகுதி அரத்தால் ராவி 8.5க்குக் குறைக்கப்பட்டிருந்தது, ராவிய கோடுகள் குறுக்கும் மறுக்குமாகக் கண்ணுக்கே தெரிந்தன. கிராஃபைட் தண்டின் பலம் முழுவதும், பிசினில் தோய்த்துச் சுற்றிய கரி இழைகளில் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் நுனியின் மேற்பூச்சை மட்டும் மெல்லச் சுரண்டலாமே தவிர, இழையை வெட்டினால் அந்த இடம் நைந்த கயிறுதான். ஹைபிரிட் தண்டு நீளம் போதாது என்பதால் கைப்பிடி உறைக்குள் மரக்கட்டை ஒன்றைச் செருகி நீட்டியிருந்ததும் உறையை அறுத்துப் பார்த்தபோது தெரிந்தது. முதல் ஏமாற்று பணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட முடியாது.

ஆகவே கிராஃபைட் என்று உறுதியான பின்னரும் சோதனை முடிந்துவிடாது. கறுப்பு வளையத்துக்கு மேலே உள்ள இரண்டு அங்குலத்தை வெயிலில் பிடித்து, பூச்சில் வெடிப்பு, குமிழ், தடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் தலையையும் மறு கையால் கைப்பிடியையும் பற்றி மெதுவாக முறுக்கும்போது நெறுநெறுவென்று சத்தம் கேட்டால் வாங்க வேண்டாம். பையின் விளிம்பில் உரசித் தண்டைச் சுற்றி வளையமாகத் தேய்ந்திருந்தாலும் விலகிக்கொள்வது நல்லது. உங்களிடம் உள்ள டிரைவருக்குத் தண்டு மாற்றக் கொடுப்பதாக இருந்தால், நுனி விட்டம் என்ன என்று முதலில் கேளுங்கள்; அந்தக் கேள்விக்கு இலக்கத்தில் பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் ‘கிராஃபைட் தண்டு’ என்று எழுதி வாங்கியிருந்தது எனக்கு உதவியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். பற்றுச்சீட்டின் பிரதி, தராசுக் காட்சியின் படம், வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரம், முறிந்த தண்டின் படங்கள் ஆகியவற்றோடு என் முறைப்பாட்டை ஒப்படைத்துவிட்டேன். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அண்மையில் இப்படிப்பட்ட கறுப்புத் தண்டு டிரைவர் வாங்கியவர்கள் இருந்தால், அதை இன்னொரு தடவை வீசுவதற்கு முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் கைப்பிடி உறையையும் கழற்றிப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு முறிந்த இரண்டு துண்டுகளையும் காட்ட நான் தயார்.