புது ஆற்றங்கரையில் இரண்டு இரவு, ஒரு மடக்குத் தூண்டில்

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்த முறை பெட்டிக்குள் ஒரு மடக்குத் தூண்டில் கம்பும் இருந்தது. பர்மிங்ஹாமில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கால்வாயில் பையன் போன வருடம்தான் தூண்டில் போடப் பழகினான். அவனுக்கு வயது 11. "உங்க ஊர்லயும் கால்வாய் இருக்குன்னு சொன்னீங்களேம்மா, அங்க போடலாமா?" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தான்.

நான் வளர்ந்தது ஒரத்தநாட்டுப் பக்கம். கல்லணைக் கால்வாய் என்பது அரசாங்கம் எழுதும் பெயர், எங்களுக்கு அது புது ஆறு. காவிரியும் வெண்ணாறும் காலங்காலமாக ஓடுபவை. இது 1934-ல், மேட்டூர் அணை வந்த அதே வருடத்தில் வந்தது. தொண்ணூறு வருடம் தாண்டியும் பெயர் மாறவில்லை. கல்லணையில் பிரிந்து தஞ்சாவூருக்குள் நுழைந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகப் பேராவூரணிப் பக்கம் வரை போகிறது. அதன் கரையோரத் தென்னந்தோப்பு ஒன்றில் வருபவர்களுக்காகப் போட்டிருக்கும் கூடாரத்தில் இரண்டு இரவு தங்கினோம். அங்கே எது சரியாக இருந்தது, எது இல்லை என்பதை எழுதி வைக்கிறேன். குழந்தைகளோடு வருபவர்களுக்கு உதவும்.

முதலில் கம்பு. விரித்தால் ஏழடி, மடக்கினால் ஒன்றரை அடிகூட வராது. துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். சின்ன ரீலை ஒரு காலுறைக்குள் சுருட்டினேன். முள், ஈயம், தக்கை எதையும் அங்கிருந்து எடுத்து வரவில்லை, அதெல்லாம் ஊரிலேயே கிடைக்கும். எடுத்து வருவதென்றாலும் முள்ளைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். திருச்சியில் இறங்கிப் பார்த்தபோது கம்பு ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு தூண்டில் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. ரீலைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது நரம்பு, அதாவது தூண்டில் நூல், சுற்றிக் கொடுத்தார். சுற்றுக்கூலி வாங்கவில்லை. பையனுக்கு முடிச்சுப் போடவும் கற்றுக்கொடுத்தார்: நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, தன்மேலேயே ஐந்தாறு முறுக்கு முறுக்கி, நுனியைக் காதை ஒட்டிய வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இழுப்பது. எச்சில் எதற்கு என்று பையன் கேட்டான். காய்ந்த நரம்பை இறுக்கினால் சூடேறி வலுக் குறையும் என்று பொறுமையாக விளக்கினார். அப்படிச் சொல்லிக் கொடுக்க எல்லாக் கடையிலும் ஆள் இருக்காது.

ஆனால் புதுசாகப் பழகுபவர்களுக்கு என்று அவர் எடுத்துக் கொடுத்த செட்தான் சரியில்லை. முள் என் சுண்டுவிரலில் பாதி நீளம், ஈயம் புளியங்கொட்டை அளவு, நரம்பு தடிமன். கடற்கரையிலோ முகத்துவாரத்திலோ போட ஏற்ற சாமான். கால்வாயில் போடப்போகிறோம் என்று நான் சொல்லித்தான் வாங்கினேன். பையில் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். முதல் நாள் மாலை முழுக்க ஒன்றும் மாட்டவில்லை. இரையை மட்டும் கொத்திக் கொத்தித் தின்றுவிட்டுப் போயின. பையன் முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலையில் பெரியப்பா தோப்புக்கு வந்தார். முள்ளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கெண்டை வாய்க்குள்ள போகாதும்மா. சின்னதா வாங்கிட்டு வா" என்றார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துண்டு நெட்டியை எடுத்தார். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பயன்படுத்துகிறார்களே, அதே வெள்ளைத் தண்டுதான். பிளேடால் சுண்டுவிரல் கனத்துக்குச் சீவி, இரண்டு முனையையும் கூராக்கி, நடுவில் ஊசியால் துளையிட்டு நரம்பைக் கோத்தார். நரம்பு வழுக்காமலிருக்கத் துளைக்குள் ஈர்க்குச்சியை அடைத்தார். நெட்டி கையில் கனமே தெரியவில்லை. தண்ணீரில் போட்டபோது, ஒரு சின்ன மீன் மோந்து பார்த்தால்கூட நடுங்கியது. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் தக்கை அசைய மீன் முழு பலத்தோடு இழுக்க வேண்டும், அதற்குள் அது உஷாராகிவிடும்.

கடைக்குத் திரும்பப் போனபோது தம்பி முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். இந்த முறை நான் நம்பர் கேட்கவில்லை. நம்பர் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும், புதுசாக வாங்குபவரை அது குழப்பும். ஒரு நெல்மணியைக் காட்டி, வளைவு இதைவிடக் கொஞ்சம்தான் பெரிசாக இருக்க வேண்டும் என்றேன். கெளுத்திக்காக அதைவிட ஒரு படி பெரிய முள் நாலைந்து. நரம்பு 0.20 மில்லிமீட்டர். கடுகும் மிளகுமாக ஈயக் குண்டுகள். முள்ளைக் கழற்ற, மூக்கு நீண்ட ஒரு சின்னக் குறடு. எல்லாம் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. கால்வாய்க்கு இதற்கு மேல் வேண்டாம்.

எங்கே போடுவது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் மதகு பார்க்கும் லஸ்கர். ஆகஸ்டில் புது ஆறு நிறைந்து ஓடும். நடு ஆற்றில் போட்டால் தக்கை நிற்காது. மதகுக்குக் கீழே தண்ணீர் சுழன்று ஓய்கிற ஓரம், படித்துறையின் மறைவு, கிளை வாய்க்கால் பிரியும் வாய் ஆகிய இடங்களில்தான் மீன் ஒதுங்கி நிற்கும் என்றார். அன்று ராத்திரி தண்ணீரைக் குறைப்பார்கள், காலையில் வந்தால் நன்றாகக் கடிக்கும் என்றும் சொன்னார். சொன்னபடியே நடந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஈர மண்ணில் தோண்டிய மண்புழுவை அரை அங்குலமாகக் கிள்ளி, முள் முனை மறையுமளவு கோத்தோம். எட்டு மணிக்குள் ஆறு ஜிலேபிக் கெண்டை. 1952-ல் வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன், இன்று எங்கள் பக்கம் அது இல்லாத குட்டை கிடையாது. சின்னப் பிள்ளைக்கு முதல் மீனாக அதைவிட நல்லது இல்லை, அப்படிக் கொத்தும்.

இருட்டும் நேரத்தில் கெளுத்தி வரும். அப்போது மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். முதுகில் ஒரு முள், பக்கத் துடுப்பில் இரண்டு, மூன்றையும் விறைத்துக்கொண்டு கிடக்கும். குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். பெரியப்பா ஈரத்துண்டைப் போட்டு அமுக்கி, அடிவயிற்றுப் பக்கமிருந்து கையைக் கொடுத்து, துடுப்பு முள்ளுக்குப் பின்னால் விரல் வருமாறு பிடித்துக் காட்டினார். பையன் மூன்றாவது மீனில் பழகிவிட்டான்.

தங்குமிடம் பற்றி. கூடாரம் புதுசு, கழிவறை சுத்தம், ராத்திரி காவலுக்கு ஆள் இருந்தார். தூண்டில் சாமான் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். கொடுத்ததோ துருப்பிடித்த முள்ளும் சிக்கல் விழுந்த நரம்பும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரையில் ஒரு மிதவைச் சட்டை இல்லை, ஒரு கயிறு இல்லை என்பதைப் பொறுக்க முடியவில்லை. பல இடங்களில் கரை இப்போது கான்கிரீட் சரிவு. தண்ணீர் தொடும் இடத்தில் பாசி. கால் வழுக்கினால் பிள்ளைக்குப் பிடிமானமே கிடையாது, பெரியவர்களுக்கே ஏறி வருவது கஷ்டம். நடத்துபவரிடம் நேராகச் சொன்னேன். மறுநாளே ஒரு கயிறு வாங்கித் தென்னையில் கட்டினார். நீங்கள் போனால் பிள்ளை அளவுக்கு ஒரு மிதவைச் சட்டையை கையோடு எடுத்துப் போங்கள். படித்துறை தவிர வேறு எங்கும் இறங்க விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. பக்கத்து ஏரி குளங்களில் பலவற்றில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் பணம் கட்டிக் குஞ்சு விட்டு வளர்க்கிறார். கேட்காமல் போடக்கூடாது. நாங்கள் கால்வாயிலும்கூட லஸ்கரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

திரும்பும்போது பெரியப்பா மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை ஒன்றையும் கொடுத்தார். மயில் தோகையை நாட்டை விட்டு எடுத்துப்போகத் தடை இருப்பதால் அதை அவரிடமே விட்டுவிட்டு நெட்டித் தக்கை இரண்டை மட்டும் எடுத்து வந்தோம்.

புது ஆற்றுக்குத் தண்ணீர் மேட்டூர் அணையிலிருந்துதான் வர வேண்டும். மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் தண்ணீர் இல்லாத வருடங்களில் திறப்பு தள்ளிப் போகும், போதாத காலத்தில் முறை வைத்து, சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்துவார்கள். டிக்கெட் போடும் முன்னால் ஊரில் யாருக்காவது போன் போட்டு, புது ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.